பால் சொசைட்டிக்கு நானே போகிறேன்

வனிதா,

நீ காய்ச்சலில் அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் வந்து பால் கறந்து கொடுத்தார். "சொசைட்டிக்கு நானே கொண்டு போறனுங்க" என்றார். வேண்டாம், கேனை என் மூன்று சக்கர ஸ்கூட்டரில் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நானே வண்டி ஓட்டுகிறேன் என்றதும் நீ, "மறுக்கா உழுந்துட்டீங்கன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று அழுதாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போன நாளிலிருந்து எல்லாப் பாடும் உன்னுடையதுதான். கால் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நன்றாகத்தானே இருக்கிறது?

வண்டியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சக்கர நாற்காலியிலிருந்து நானாகவே ஏறினேன். குப்பண்ணன் பக்கத்தில் நின்றார், தொடவில்லை. இந்தச் சீட்டை அவர் கதவில் செருகி வைப்பார்.

டியூப் போட்டு மூத்திரம் எடுத்தாயிற்று. புண் வராமலிருக்க வண்டி சீட்டில் மெத்தை போட்டிருக்கிறேன். வாய்க்கால் மேட்டு வழியில் போகமாட்டேன், தார் ரோடுதான். பயமாக இருந்தால் போன் பண்ணு. பின்னாலேயே ஆளை மட்டும் அனுப்பாதே.

குக்கரில் கஞ்சி வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு மாத்திரை போடு.

ரமேஷ்

கஞ்சிக்கு உப்புப் போடவில்லை. டப்பா மேல்தட்டில் இருக்கிறது, எனக்கு எட்டவில்லை. இனிமேல் கீழே வை.

இன்னொன்று: வீட்டுக்கே வந்து என்னைப் பார்க்கும் பாலியேட்டிவ் சிஸ்டர் இன்று வருவார். நான் திரும்புவதற்குள் வந்துவிட்டால் உட்காரச் சொல். நான் எங்கே என்று கேட்டால், "அவரு வெளிய போயிருக்காருங்க" என்று சொல்.