பட்டன் வந்துவிட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேலே படித்துப் பதறாதே.

போன வாரம் சின்னவன் என் நர்ஸ் சட்டையின் பட்டனை விழுங்கிவிட்டான். டாக்டர், "தானா வந்துடும், பயப்படாதீங்க" என்றார். தினமும் வார்டில் நான் அடுத்தவர்களுக்குச் சொல்வதுதான்; எனக்கென்று வந்தபோது சோறு இறங்கவில்லை. அவன் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் பெரியவள் வாசலில் கைகூப்பி நின்று, "சாமி, சீக்கிரம் அனுப்பு" என்று வேண்டினாள். மூன்றாம் நாள் வந்தது. "சாமிக்கு நல்லாக் காது கேக்குதும்மா!" என்று குதித்தாள்.

நீ சாமி கும்பிடும்போது பாடும் பாட்டைப் பதிவு செய்து அனுப்பு, அவளுக்குத்தான். நானும் பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டு, உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

சின்னவனிடமிருந்து சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

உன் மகள்