கிழக்குப் பக்கத்து அடுப்பு

டக்கோட்டா,
செப்டம்பர் 9, 1885

அன்பு மகன் எய்விந்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இரண்டு பசுக்களும் சுகம். நீயும் அந்த வாஷிங்டன் காட்டில் பத்து விரலும் பத்திரமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஜூன் கடைசியில் நீ போட்ட கடிதம் ஜூலை பாதியில் வந்தது. எழுதியதே ஒரு பக்கம், அதிலும் பாதி அங்கே மரம் எவ்வளவு உயரம் என்பதுதான். யார் சமைக்கிறார்கள், துணியை யார் துவைக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. அப்பா அதை மூன்று தடவை எடுத்துப் படித்துவிட்டு, படிக்காதவர் மாதிரி மடித்து வைத்தார்.

இந்த வருஷம் கோதுமை பரவாயில்லை, ஆலங்கட்டி நம்மைத் தாண்டிப் போய்விட்டது. செவலைப் பசு கன்று போட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. உன் நிலத்துக்கும் தன் நிலத்துக்கும் நடுக்கோட்டின் மேல் ஒரே வீடாகக் கட்டி, அவரவர் கட்டில் அவரவர் மண்ணில் கிடந்தால், அரசாங்கம் கொடுத்த நிலத்தில் அவரவரே குடியிருக்க வேண்டும் என்கிற சட்டத்துக்கு அது போதும் என்று அன்றைக்கு அவர் எவ்வளவு பெருமைப்பட்டார், உனக்கு நினைவிருக்கும். கிழக்குப் பாதியில் இப்போது உன் கட்டிலும் அடுப்பும் மட்டும்தான் இருக்கின்றன. நீ போனது ஏப்ரல் பதினாலு. சேர்ந்தாற்போல் ஆறு மாதம் ஆள் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் நில அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அந்த நிலத்தைக் கேட்கலாம் என்பது உனக்கும் தெரியும். அப்பா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் தினமும் காலையில் காய்ந்த புல்லை முறுக்கி எடுத்துக்கொண்டு உன் பக்கம் போய் உன் அடுப்பைப் பற்றவைக்கிறார். பாதையில் போகிறவர்களுக்கு இரண்டு புகை தெரிய வேண்டுமாம். சனிக்கிழமையானால் உன் நீலச் சட்டையைக் கொடியில் போடுகிறார், துவைத்துக்கூட இல்லை, வெறுமனே நனைத்து. ஆளில்லாத அடுப்புக்கு எதுக்குங்க புல்லு என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஈரம் ஏறுதுடி, மண்சுவர் இத்துப்போயிடும் என்றார். ஆகஸ்ட் மாதத்தில் ஈரம்!

நீ இருந்தபோது எனக்கு இவ்வளவு தெரியவில்லை. இப்போது கோழிகளிடம் பேசுகிறேன், அவை போன பிறகு வாளியிடம் பேசுகிறேன். நாலு மைல் தள்ளி இருக்கிற தோலேப் கிழவர் மாதம் ஒருதரம் வந்தாலும் காற்று அடிக்குது, மழை வராது என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். போன வருஷம் பிப்ரவரியில் போதகரின் மனைவியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு பெண்குரலை நான் கேட்கவில்லை, எய்விந்த்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஓடைத் திருப்பத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. நம் பாஷைக்காரர்கள். அவன் பெயர் நீல்ஸ், அவள் சிசெல், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கிழக்கு நிலம் யாருடையது என்று அவன் அப்பாவிடம் கேட்டான். எம் மவன் நிலம், அவன் வாத்து சுடப் போயிருக்கான் என்று அப்பா சொன்னார். நீ மூன்று நாள் வாத்து சுட்டாய் மகனே, நாலாம் நாள் மாவு அரைக்கப் போனாய், அப்புறம் உனக்குப் பல்வலி வந்து பட்டணத்திலேயே தங்கிவிட்டாய். இந்த மனிதருக்கு இவ்வளவு பொய் வரும் என்று இருபத்தாறு வருஷத்தில் நான் கண்டதில்லை.

ஒருநாள் அப்பா வயலில் இருக்கும்போது ரொட்டிக்குக் கொஞ்சம் புளித்த மாவு கேட்டு சிசெல் வந்தாள். உட்காரவைத்து, பார்லியை வறுத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் கறக்கிற நேரம் வரை பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கால் வீக்கம், சோப்பு காய்ச்சுவது, அவள் மாமியார். பேச்சு ருசியில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. உங்க பையன் ஒருநாள்கூட கண்ணுல படலியே, எப்பம்மா வருவாரு என்று கேட்டாள். அவன் எங்கேடி வரான், ஏப்ரல்லயே போயிட்டானே என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகாவது நிறுத்தினேனா? அப்பாவோடு நீ போட்ட சண்டை, நீ மூட்டையைத் தூக்கியது, அடுப்பு, சட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சூதுவாது தெரியாத பெண்தான். ஆனால் புருஷனிடம் சொல்லாமல் இருப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை நீல்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். உங்க பையன் வந்துட்டா நாங்க வண்டியக் கட்டிடறோம் ஐயா, அக்டோபர் பதினாலு தாண்டியும் வரலைன்னா நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன், உங்ககிட்ட மறைச்சுச் செய்ய மனசு வரல என்றான். யார்றா சொன்னது என்று மட்டும் அப்பா கேட்டார். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்பா தோலேப்தான் என்று முடிவுகட்டி, நாலு மைல் போய் அந்த வாயில்லாப் பூச்சியைத் திட்டித் தீர்த்துவிட்டு வந்தார். நான் பால் வாளியோடு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. உன் நிலத்தை ஒரு மத்தியானப் பேச்சுக்கு விட்டுக்கொடுத்தவள் நான்தான். நீ கத்தினால் இங்கே கேட்காது என்பதால் உன்னிடம் முதலில் சொல்கிறேன். நாளைக் காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அவர் குதிரையைப் பூட்டுமுன் அவரிடமும் சொல்லிவிடுவேன்.

அப்பா உனக்கு எழுத மாட்டார். கெஞ்சிக் கூப்பிட்டு வரவேண்டிய நிலம் அவனுக்கு எதுக்கு என்கிறார். சொல்லிவிட்டு நேற்று நடுக்கோடு ஓடுகிற சமையலறைக்குக் குறுக்கே கயிறு பிடித்து அளந்தார், நிலம் கைமாறினால் அங்கே சுவர் எழுப்ப வேண்டும். போகிறதுக்கு முந்தின வாரம், இங்க பேச ஒரு மனுஷன் இல்லம்மா என்று நீ சொன்னாய். சாப்பிடு, ஆறிடும் என்றேன். அன்றைக்கே நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோடரியைப் பார்த்துப் பிடி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு அனுப்புகிறேன். வருவதானால் ரயிலில் ஒரு வாரம் ஆகும், தேதியைக் கணக்குப் பண்ணிக் கிளம்பு. வரவில்லையென்றால் அதையாவது எழுது, நவம்பரில் அந்தப் பெண் வண்டிக்குள் பிள்ளை பெறக் கூடாது, பனிக்கு முன்னால் உன் கட்டிலில் அவளைப் படுக்கவைக்க வேண்டும். கர்த்தர் உன்னை எந்த மரத்தடியிலும் காப்பாராக. நீ வந்தால் அவள் போய்விடுவாள், நீ வராவிட்டால் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பாள். தினமும் முழங்காலிட்டு எதைக் கேட்கிறாய் என்று மட்டும் என்னிடம் கேட்காதே, என் கண்ணே.

உன் அம்மா,
மாரித்