கடைசித் தாள் இல்லாத புத்தகங்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கிரேன் மேலேயே உட்கார்ந்திருக்காமல் அவ்வப்போது இறங்கி நடங்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்டால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த நோய் கிடையாது.

மழையில் கூரை ஒழுகியது. பரணில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கினேன். ஒரு தகரப் பெட்டி நிறைய உங்கள் பழைய காமிக்ஸ். தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிய ஒரு வீரன், ஒரு கையில் வாள், மறு கையில் துப்பாக்கி. எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அங்கே ஒரு மந்திரவாதி, ஒரு ராணி. அந்த ராணிகளுக்குக் குளிரே எடுக்காது போலிருக்கிறது. மகள் சோறு தண்ணீர் இல்லாமல் படித்தாள். கடைசியில், இதிலும் முடிவைக் காணோம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு புத்தகத்திலும் கடைசித் தாள் இல்லை. எலியும் இல்லை, கரையானும் இல்லை. நாள் முழுக்கச் சட்டைகளில் தையல் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அளவுகோல் வைத்துக் கிழித்தது எனக்குத் தெரியாதா?

முதலில் உங்கள் தம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். நம் வீட்டில் எது காணாமல் போனாலும் அவர் வந்துபோன அன்றுதான் போகும். சாப்பிட வந்தவரிடம் நேராகவே கேட்டேன். "எடுக்குறதுன்னா பெட்டியோட எடுத்திருப்பேன் அண்ணி, ஒத்தைத் தாளை வச்சு நான் என்ன பண்ண?" என்றார். அதுவும் நியாயம்தான்.

உங்கள் அக்காதான் முடிச்சை அவிழ்த்தார். "அவனேதான் கிழிப்பான். படிக்காமலே அடுப்புல போட்ருவான். முடிவு தெரியலைன்னா அந்த ஆளு இன்னும் உயிரோட இருக்கான்னு அர்த்தமாம்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், உங்களோடு வேலை பார்த்த வெல்டரைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்து எல்லோரும் திரும்பிவிட்டார்களாம். "அண்ணன் இன்னும் வரலையா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் முட்டை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முட்டை விலையை நானா கேட்டேன்? நீங்களோ அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறீர்கள். முகத்தைக் காட்டுங்கள் என்றால் போனில் கேமரா கெட்டுவிட்டது என்கிறீர்கள். கேமரா கெட்டு எத்தனை நாளாயிற்று?

என் மனம் சும்மா இருக்குமா? ஒரு நாள், அங்கே எவளோ இருக்கிறாள் என்று நினைக்கிறேன். இன்னொரு நாள், எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டில் முதலாவதே பரவாயில்லை என்று தோன்றுகிற நாளும் உண்டு. அன்றைக்கு எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

மகள் இப்போது வெள்ளைத் தாளில் அவளாகவே முடிவு வரைந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லா முடிவும் ஒன்றுதான். வீரன் வீட்டுக்கு வந்து, கண்ணாடிக் கூண்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறான். ஒரு புத்தகத்தில் மட்டும் அவனுக்கு ஒரு காலை வரையவில்லை. வெல்டர் பேசும்போது அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள். காலை வரைய மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "மறக்கலம்மா. அதனால என்ன, வந்துட்டாருல்ல" என்று சொல்லிவிட்டுப் பசையைத் தடவினாள்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கடைசி வரி வரைக்கும் எழுதுங்கள். படிப்பதற்கு நான் இருக்கிறேன்.

உடம்பு பத்திரம். அது எப்படி இருந்தாலும் பத்திரம்.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
உங்கள் மனைவி