ஒன்றுமில்லை என்று சொன்னது தொடர்பாக

வடக்குப்பட்டு,
3-6-2025

மதிப்பிற்குரிய எமர்ஜென்சி டாக்டரம்மா கவிப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். நான் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் பிச்சையா. போன வியாழக்கிழமை நெஞ்சு வலி என்று உங்களிடம் வந்தவன். மூன்று முறை ஈசிஜி எடுத்தீர்கள், ரத்தம் எடுத்தீர்கள், ஆறு மணி நேரம் படுக்க வைத்தீர்கள். கவனிப்பில் குறை இல்லை. குறை அதற்குப் பிறகுதான்.

வெளியே என் சொந்தக்காரர்கள் பதினோரு பேர். என் தங்கை படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். மருமகன் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தான். எட்டு வருடமாகப் பேசாத பங்காளிகூட ஆப்பிளோடு வந்து நின்றான். அத்தனை பேர் முன்னால் நீங்கள் கதவைத் திறந்து, சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல, வெறும் கேஸ்தான், கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். பங்காளி ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது ஷிஃப்டில், "இன்னா அண்ணே, ஏப்பம் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். ஆகவே, எனக்கு வந்தது லேசாகவாவது இதயம் சம்பந்தப்பட்டதுதான் என்று ஒரு தாளில் எழுதி, சீல் வைத்துத் தரவும்.

இப்படிக்கு,
சு. பிச்சையா


சுங்குவார்சத்திரம்,
9-6-2025

மதிப்பிற்குரிய பிச்சையா ஐயா அவர்களுக்கு,

வணக்கம். புகார்ப் பெட்டியில் நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. புகார் யார் மேல் வருகிறதோ, அந்தப் பயிற்சி டாக்டர் தன் கைப்பட பதில் எழுத வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். இரண்டு முறை எழுதி புரொஃபசரிடம் காட்டினேன். "மன்னிப்பு எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இது மூன்றாவது.

நீங்கள் கேட்ட தாளைத் தர முடியாது. உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. அதைப் பொய் சொல்லிக் கெடுக்க எனக்கு அதிகாரமில்லை, மனமும் இல்லை.

ஆனால் உரக்கச் சொன்னது தப்பு. எமர்ஜென்சி படிப்பில் சேர்ந்து எனக்கு அது பன்னிரண்டாவது நாள். முந்தின நாள் உங்கள் வயதுக்காரர் ஒருவர் அதே படுக்கையில் இறந்துபோனார். வீட்டாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மறுநாள் உங்களுடைய கடைசி ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கேலி இல்லை ஐயா.

வலி மறுபடி வந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் வாருங்கள். என்ன முடிவு வந்தாலும் இனிமேல் காதோடு சொல்கிறேன்.

வருத்தத்துடன்,
கவிப்பிரியா


வடக்குப்பட்டு,
14-6-2025, காலை 7 மணி

டாக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டீக்கடையில் படித்துக் காட்டினேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்தோடு வைத்திருப்பவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. மருமகன் லேமினேட் செய்து தருகிறேன் என்கிறான். இறந்தவரைப் பற்றிய வரிகளை மட்டும் படிக்கவில்லை. அது உங்களோடும் என்னோடும் இருக்கட்டும்.

என் வீட்டுக்காரி மரகதத்துக்கு இரண்டு நாளாகத் தாடை வலி. மாடியேறித் துணி காயப்போட்டால் இடது தோள் இழுக்கிறதாம், வேர்த்துக் கொட்டுகிறது. பல்தான் என்று கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "உன்ன மாரி ஊரையே கூட்டிகினு போயி, ஒண்ணுமில்லன்னு திரும்பி வரச் சொல்றியா?" என்கிறாள். தெரிந்த பல் டாக்டர் இருந்தால் எழுதவும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் இதை உங்கள் புகார்ப் பெட்டியில் போடுகிறேன்.

இப்படிக்கு,
பிச்சையா


14-6-2025, காலை 10.20

பிச்சையா ஐயா,

பெட்டியை இப்போதுதான் திறந்தார்கள். நீங்கள் தூங்குகிறீர்கள் போல; போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டுவருபவர் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் ஐயனார். இது பல் வலியாகத் தெரியவில்லை, இதயமாக இருக்கலாம். அம்மாவை நடக்க விடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றுங்கள். பதில் எழுத வேண்டாம்.

கவிப்பிரியா


வடக்குப்பட்டு,
22-6-2025

அன்புள்ள டாக்டரம்மா கவிப்பிரியாவுக்கு,

மரகதம் வீடு வந்து மூன்று நாளாகிறது. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "தொண்ணூறு பர்சன்ட் அடப்பு" என்கிறாள், பிளஸ் டூ மார்க் சொல்வதுபோல. பங்காளி ஆப்பிளோடு மாதுளையும் கொண்டுவந்தான். என்னை இப்போது யாரும் கேலி செய்வதில்லை. கவனிப்பதும் இல்லை.

அன்று ஐயனார் கதவைத் தட்டியபோது இவள்தான் திறந்தாள். பேஷன்ட் யார் என்று அவர் கேட்டதற்கு, தூங்கிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டியிருக்கிறாள். என்னை ஸ்ட்ரெச்சரில் பாதி தூக்கிவிட்டார்கள். பிறகுதான் உங்கள் சீட்டைப் படித்தேன்.

ஸ்டென்ட் வைத்து முடிந்ததும் நீங்கள் வெளியே வந்தீர்கள். பதினான்கு பேர் நின்றிருந்தோம். என் சட்டைக் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப்போய், அவள் பிழைத்துவிட்டாள் என்று காதோடு சொன்னீர்கள். சரியாகக் காதில் விழவில்லை என்றேன். மறுபடி சொன்னீர்கள். மறுபடியும் விழவில்லை என்றேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும் டாக்டரம்மா. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது.

அப்புறம் உள்ளே விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"இன்னா, பயந்துட்டியா?"

"ஆமா" என்றேன்.

அவள் காலை மெல்ல ஒதுக்கி இடம் விட்டாள். கட்டிலில் உட்காரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது, படித்தேன். சிஸ்டர் வந்து திட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
பிச்சையா