கணக்கிலிருந்து அடுப்படிக்கு

என்னங்க,

எழுப்ப மனமில்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பள்ளிக்கு அனுப்பாமல் நாமே சொல்லிக்கொடுக்கும் ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் இன்று பாடத்துக்கு நம் வீட்டுக்கு வருகிற முறை. மாடி அறைச் சாவி ஆணியில் தொங்குகிறது. கணக்குப் பாடத்தை இனி உங்களுக்குப் பதில் அந்த எலக்ட்ரீஷியன் அப்பா எடுப்பார். முட்டை வேகவைப்பதும் அறையைப் பெருக்குவதும் உங்கள் பங்கு.

நேற்றுப் பெற்றோர் கூட்டத்தில் தையல்காரம்மா, "பெத்த பிள்ளையையே எல்லார் முன்னாடியும் மண்டுன்னு திட்டினா, மத்ததுங்க கதி என்ன?" என்றார். நீங்கள் நம் குட்டியைத் திட்டியதைத்தான் சொன்னார்.

பெருக்குவதும் பங்குதான். பங்கு கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை என்பது நீங்களே போட்ட சட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபின் குட்டிக்கு இருப்பது இந்த ஐந்து வீடுதான். அதனால் அவர்கள் வரும்போது கதவைத் திறங்கள்.

உங்களைக் கணக்கிலிருந்து மாற்ற நானும் கை தூக்கினேன். இரவெல்லாம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தீர்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

பி.கு: கை தூக்கச் சொன்னது குட்டி. "அப்பா கணக்கு எடுத்தா எனக்கு விரல் நடுங்குதும்மா" என்றாள். இதை அவளிடம் கேட்டுவிடாதீர்கள். இன்று சாப்பிடும்போது உங்கள் பக்கத்தில்தான் உட்காருவாளாம்.