ரெண்டு பேருக்கு இறுக்கின ஸ்பிரிங்

அன்புள்ள தங்கம்,

நீயும் பாப்பாவும் சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

ஆசைப்பட்ட க்ரூஸர் பைக்கை எடுக்கப் போனவனுக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. பின்சீட்டே இல்லை! குறைஞ்ச விலை மாடலில் ஒத்தை சீட்டுதானாம். புக் பண்ணும்போது பார்த்த படத்துல அந்த இடத்துல பை கட்டியிருந்ததால தெரியலை. பதற்றத்துல ஏறும்போதே வண்டி சாய்ஞ்சிடுச்சு. எனக்குக் கீறல்கூட இல்லை. அந்த எருமையைத் தூக்கத்தான் மூணு பேர் வந்தாங்க.

பின்சீட்டைத் தனியா வாங்கி மாட்டினேன். "பின்னாடி உட்கார்றவங்க எடை சொல்லுங்க, அதுக்கேத்தபடி ஸ்பிரிங்கை இறுக்கணும்"னார் மெக்கானிக். ஆடிப்போயிட்டேன். கட்டின பொண்டாட்டி எடை தெரியலையே! குத்துமதிப்பா சொல்லிவெச்சேன். கோவிச்சுக்காம சரியான எடையை எழுது.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. ரெண்டு பேருக்கு இறுக்கினதை ஒத்தையா ஓட்டுறதால, பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப்போடுது. "தளர்த்திடட்டுமா?"ன்னார் மெக்கானிக். இருக்கட்டும்னுட்டேன்.

உன் வீட்டுக்காரன்