கேப்டன் பெக்கமின் வம்சம்

ஹார்ட்ஃபோர்டு
1968 பிப்ரவரி 6

அன்புள்ள லவினியா அக்காவுக்கு,

நலம்தானே? மானுவலின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பனி வாசற்படி வரை ஏறிக் கிடக்கிறது. என் வால்டர் உயிரோடு இருந்தவரை ஆள் வைத்து அள்ளினார். இப்போது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அது தானாகக் கரையட்டும் என்று காத்திருக்கிறேன். அவர் போனபின் விருந்து அழைப்புகளும் நின்றுவிட்டன. தனியாக வருகிற ஒருத்திக்கு நாற்காலி போட யாருக்கும் மனம் வருவதில்லை.

முதல் குடியேறிகளின் வாரிசுகள் சங்கத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறேன். மிச்சமிருக்கும் என் தோழிகள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். அந்த முதல் குடியேறிகளில் ஒருவரான கேப்டன் ஜோசையா பெக்கமிலிருந்து அப்பா வரை நீ நிரூபித்த வம்சாவளியை ஏற்றுத்தான் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் எனக்கு வேறு சான்று வேண்டாமாம். நான் உன் உடன்பிறந்தவள் என்று நீ கையெழுத்திட்டால் போதும். மே மாத விருந்தில் புது உறுப்பினர்களின் பெயரை வாசிப்பார்கள். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், அக்கா. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
கொரின்

நியூ பெட்ஃபோர்டு
பிப்ரவரி 15

கொரினுக்கு,

கடிதம் கிடைத்தது. மானுவலின் பெயரை நீ உன் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை.

அவரைக் கட்டிக்கொண்டு நான் பள்ளியோடு நின்றேன். நீ கல்லூரிக்குப் போனாய். ஆனாலும் அந்த வம்சாவளியைத் தேடி அலைந்தது நான். பதினோரு வருடம் பேருந்து ஏறி ஊர் ஊராகப் போனேன். கல்லறைக் கற்களில் பாசியைச் சுரண்டிப் படித்தேன். பழங்காலத்துக் கையெழுத்தைப் படிக்க நானே கற்றுக்கொண்டேன். அப்போது நீ, "அக்கா செத்தவங்களோட குடும்பம் நடத்துறா" என்று சொல்லிச் சிரித்தது என் காதுக்கும் வந்தது.

அப்பா இறந்தபோது நானும் மானுவலும் வந்தோம். ஒரு போர்த்துகீசிய மீனவனோடு நான் தேவாலய வாசலில் நின்றதைப் பார்த்ததும் நீ ஓடி வந்து என்ன சொன்னாய்? "இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும் பின்னால உக்காருங்க. ஊரே பாக்குது." மறுநாள் செய்தித்தாளில் அப்பாவுக்கு ஒரே மகள் என்று வந்திருந்தது, மானுவலின் சோசா என்ற குடும்பப் பெயர் அதில் எங்குமே இல்லை. எழுதிக் கொடுத்தது நீ. இப்போது நான் உன் உடன்பிறந்தவள் என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"விடு லவி, போட்டுத் தொலை. மையா தீந்துடப் போவுது?" என்கிறார் மானுவல்.

போடுகிறேன். ஆனால் நீ இங்கே வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கீரையும் தொத்திறைச்சியும் போட்டு அவரே சூப் வைப்பார். நீ சாப்பிட்டு எழுந்ததும் கையெழுத்து உன் கையில் இருக்கும்.

லவினியா

ஹார்ட்ஃபோர்டு
பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அன்று அம்மா அழுதுகொண்டே சொன்னதைத்தான் செய்தேன். தப்புதான். அதை இத்தனை வருடமா தூக்கிக்கொண்டு நடப்பாய்?

வர ஆசைதான். சாலையெல்லாம் பனி, என் உடம்பும் முன்போல இல்லை. அடுத்த மாதம் பாதிக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். அதனால் இப்படிச் செய்வோம். இப்போது கையெழுத்திட்டு அனுப்பு. மே மாத விருந்துக்கு நீ என் கூடவே வா, என் பக்கத்திலேயே உட்கார். மானுவலுக்கு அந்தப் பேச்செல்லாம் அலுப்பாக இருக்கும். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் அவருக்கும் நல்லது.

இந்த ஒரு தடவை பெரிய மனசு பண்ணு, அக்கா. எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

உன் கொரின்

நியூ பெட்ஃபோர்டு
மார்ச் 2

கொரினுக்கு,

உன் கடிதத்தை மானுவலுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதி வந்ததும், "சரியாத்தானே சொல்றா. எனக்கு அங்க என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நீ எழுதியதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் அதை ஒப்புக்கொண்டதைத் தாங்க முடியவில்லை.

உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அடித்த புயலில், கேப்டன் பெக்கமின் ஊர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்தது. வேருக்கடியில் ஒரு சின்னக் கல் இருந்தது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கேப்டனின் மகன் எஃப்ரேம், நான்கு வயதில் இறந்தான் என்று அதில் வெட்டியிருந்தது. கேப்டனுக்கு வேறு மகன் கிடையாது. கேப்டனின் மகன் என்று நான் எழுதிக் கொடுத்த நம் முன்னோர் எஃப்ரேம் பெக்கமோ கிழவராகிப் பேரன்களைப் பார்த்துவிட்டுச் செத்தவர். அவர் வேறு எவரோ. பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டு பேரை நான் ஒருவராக்கிவிட்டேன். கேப்டனின் ரத்தம் உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சங்கத்தின் சின்னம் பொறித்த பொன் ஊசியைக் கோட்டில் குத்திக்கொண்டு தொடர்ந்து கூட்டங்களுக்குப் போனேன். என்னை அங்கே பெயர் சொல்லி வரவேற்றார்கள், ஏதாவது சந்தேகம் என்றால் என்னிடம் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சாகும்வரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று அந்தக் கல்லின் புகைப்படத்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு பாஸ்டனுக்குப் போனேன். பதிவாளர் திருமதி த்ரால் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். என்னை நீக்க வேண்டியிருக்கும் என்றாள். கேப்டனின் பெயரைச் சொல்லி இனி நம் குடும்பத்தில் யாரும் உள்ளே வர முடியாது என்றும் சொன்னாள். தெரியும் என்றேன்.

"நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. இப்ப ஏன் சொல்றீங்க?"

"என் தங்கச்சி சேரணும்னு ஆசைப்படுறா."

 அவள் உன் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து மேஜையில் தனியாக வைத்தாள். சங்கத்திலிருந்து உனக்கு எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன்.

லவினியா சோசா